எங்க கின்னல்



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. "டீச்சர், லண்டன் பிரிட்ஜ் பாத்தீங்களா? பக்கிங்ஹாம் அரண்மனை பாத்தீங்களா?" என்று இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்தேன். படமும் போட்டாயிற்று. இன்று எழுதப்போவது நான் படம் எடுக்காத ஒன்றைப் பற்றி. சந்து. சாதாரணச் சந்து. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மகள் இருப்பது லீட்ஸ் நகரம், யார்க்‌ஷர் பகுதி. பழைய செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே, பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கே போக ஒரு பாதை உண்டு. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர். குடையை விரித்துக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் உரசும். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இதற்கு 'முடுக்கு' என்போம். நான் ஆங்கில வகுப்பில் சொல்லித்தந்த சொல் 'ஆலி'. பாடப்புத்தகத்தில் அதுதான் இருந்தது.

நவம்பர் மாதம் ஒரு காலையில் பால் வாங்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து, "கின்னல் வழியா போகாதே லவ், ஐஸ் பிடிச்சுக் கிடக்கு" என்றார். 'லவ்' என்பதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அந்த ஊரில் பஸ் ஓட்டுநர்கூட டிக்கெட் கொடுக்கும்போது அப்படித்தான் சொல்கிறார். முதல் முறை எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. பிறகு பழகிவிட்டது. ஆனால் 'கின்னல்' எனக்குப் புதிது. 34 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். ஷேக்ஸ்பியரிலிருந்து ஆர்.கே. நாராயண் வரை நடத்தியிருக்கிறேன். இந்தச் சொல் எங்கேயும் எதிரில் வந்ததில்லை.

உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். 'கங்கை'யில் இரண்டாவதாக வருகிற 'க'வைப் போல ஆரம்பிக்க வேண்டும். லீட்ஸில் அப்படி. தெற்கே ஷெஃபீல்டுக்குப் போனால் 'ஜென்னல்'. ஆங்கிலத்தில் கால்வாயைக் குறிக்கும் 'சானல்' திரிந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் யூகம். நடுவில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒடுங்கின வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் மழைக்கு உண்மையிலேயே தண்ணீர்தான் ஓடுகிறது.

அந்த மூதாட்டி வீட்டில் ஒரு நாள் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய கொழுந்தனாரும் வந்திருந்தார். நான் சும்மா இருக்காமல், "கின்னலும் ஸ்னிக்கெட்டும் ஒன்றுதானா?" என்று கேட்டுவிட்டேன். ஸ்னிக்கெட் என்பதும் அதே பகுதிச் சொல்தான், சந்தையில் காதில் விழுந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை. சுவருக்கு நடுவே போனால் கின்னல், வேலிக்கோ புதருக்கோ நடுவே போனால் ஸ்னிக்கெட் என்றார் மூதாட்டி. கொழுந்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. கின்னல் என்றால் மேலே கூரை இருக்க வேண்டும், வீட்டுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும், மற்றதெல்லாம் ஸ்னிக்கெட் என்றார். தேநீர் ஆறிப்போனது. இருவரும் பிறந்து வளர்ந்ததில் ஏழெட்டு மைல்தான் வித்தியாசம்.

எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. போகிற ஊரிலெல்லாம் கேட்க ஆரம்பித்தேன். போகாத ஊர்களுக்கு அங்கங்கே வேலை பார்க்கும் நம் பள்ளிப் பிள்ளைகளிடம் வாட்ஸப்பில் கேட்டேன். லெஸ்டரில் இருப்பவள் 'ஜிட்டி' என்றாள். நாட்டிங்காமில் 'ட்விட்செல்'. லிவர்பூலில் வீடுகளின் பின்புறச் சந்துக்கு 'ஜிக்கர்', சிலர் 'என்ட்ரி' என்கிறார்கள். ஹல் நகரில் 'டென்ஃபுட்', அதாவது பத்தடி. அகலத்தையே பெயராக வைத்துவிட்டார்கள், கணக்கு வாத்தியார் வைத்த பெயர் போல! ஷ்ரூஸ்பரியில் 'ஷட்'. தெற்குக் கடற்கரைப் பக்கம் சஸெக்ஸில் 'ட்விட்டன்'. இந்தக் கடைசிச் சொல்லுக்குக் கடல் தாண்டி உறவு இருக்கிறதாம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் குறுகிய சந்தை 'ட்வீட்டே' என்கிறார்கள்.

நியூகாசிலில் சொல்வது 'சேர்'. நாம் உட்காருகிற சேர் போலவே உச்சரிக்க வேண்டும். டைன் ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறும் சந்துகள் எல்லாம் சேர்தான். இதற்கு அந்த ஊர்க்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை ஒன்று இருக்கிறது. வெளியூர் நீதிபதி ஒருவர் வழக்கு விசாரிக்க வந்தாராம். சாட்சி கூண்டில் ஏறி, "சேரின் காலடியிலிருந்து மூன்று பேர் வெளியே வந்ததைப் பார்த்தேன்" என்றாராம். நாற்காலிக் காலிலிருந்து மூன்று மனிதர்களா! சாட்சிக்குப் புத்தி சரியில்லை, இவர் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். பிறகு உள்ளூர்க்காரர்களான ஜூரிகள், ஐயா, அது இங்கே சந்தின் அடிமுனை என்று விளக்கினார்களாம். நடந்ததோ, கட்டிவிட்டதோ தெரியாது. மகள் வீட்டில் நான் இதைச் சொன்னபோது பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. நீதிமன்றத்தில் ஒருவன் தன் ஊர்ப் பேச்சைப் பேசினதற்காக அவனைப் பைத்தியம் என்று எழுதிவைத்துவிட முடியும் அல்லவா?

அந்தச் சேர்களில் பல இப்போது இல்லை. 1854 அக்டோபரில் ஆற்றின் எதிர்க்கரையான கேட்ஸ்ஹெட்டில் ஒரு கிடங்கு தீப்பிடித்து வெடித்து, எரிகிற துண்டுகள் ஆற்றைத் தாண்டி வந்து விழுந்ததில் நிறைய அழிந்துபோயின. மிச்சம் இருப்பதில் ஒன்றின் பெயர் 'புட்டிங் சேர்'. பெயர்ப்பலகையைப் பார்த்தேன், அதையும் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

எடின்பரோவுக்கும் போனோம். அங்கே இரண்டு சொல். 'க்ளோஸ்', 'வைண்ட்'. அந்தக் காலத்தில் க்ளோஸ் என்றால் தனியாருடையது, இரவில் கதவு போட்டுப் பூட்டிவிடுவார்களாம். வைண்ட் பொதுவழி, வண்டி போகிற அளவுக்கு அகலம் இருக்கும். ஒரு சொல்லைக் கேட்டாலே ராத்திரி அந்த வழியில் நுழையலாமா கூடாதா என்று அப்போது தெரிந்துவிடும். ஆலி என்று ஒரே சொல்லில் அடக்கினால் இந்த விவரம் போய்விடுகிறது பாருங்கள்.

ஏன் இப்படி ஊருக்கு ஒரு பெயர்? அந்தச் சின்ன நாட்டில் ரயில் வந்து சுமார் இருநூறு வருஷம் ஆகிறது. செய்தித்தாள், வானொலி, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து எத்தனையோ ஊர்ச் சொற்களை அடித்துக்கொண்டு போய்விட்டன. சந்தின் பெயர் மட்டும் எப்படித் தப்பியது? நான் யோசித்துப் பார்த்தேன். கடையில் விற்கிற பொருளுக்கு நாடு முழுக்க ஒரே பெயர் வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரம் நடக்காது. சந்தை யாரும் விற்பதில்லை. வீடுகள் சாலையைப் பார்த்து இருப்பதால் சந்துக்குக் கடிதம் வருவதில்லை. வெளியூர்க்காரன் அதில் நடப்பதும் அபூர்வம். குப்பைத் தொட்டி தள்ளுகிறவர்கள், பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், ஒளிந்து விளையாடுகிற பிள்ளைகள், வீட்டுக்குத் தெரியாமல் சந்தித்துக்கொள்கிற இளசுகள், இவர்கள்தான் அதன் உரிமையாளர்கள். இவர்கள் ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக்கொண்டால் போதும். எழுதவே அவசியமில்லாத சொல்லை யார் வந்து திருத்துவது?

இதற்கு மாறாக, சந்துக்குள்ளேயே ஜனங்கள் குடியிருந்த ஊரையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் கிரேட் யார்மத். அங்கே சந்துக்கு 'ரோ' என்று பெயர். மொத்தம் 145. ஒன்றுக்கொன்று இணையாக, சீப்புப் பல் மாதிரி. 'கிட்டி விட்செஸ் ரோ' என்பது ஒரு முனையில் சுமார் 27 அங்குல அகலம்தான். இந்தச் சந்துகளில் நுழைவதற்கென்றே 'ட்ரோல்' என்று ஒரு ஒல்லி வண்டி செய்தார்கள், சக்கரம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிராமல் வண்டிக்கு அடியில் இருக்கும். குடியிருக்கிறவர் மாறினால், மதுக்கடை மாறினால், சந்தின் பெயரும் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 1804-ல் எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிட்டார்கள். ஆட்கள் குடியிருந்தால் முகவரி வேண்டும், முகவரி வந்தால் எண் வந்துவிடும். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அவற்றில் நிறைய நொறுங்கிப்போயின.

யார்க் நகரத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேல். இருக்கிற சொல் போதாது என்று 1983-ல் மார்க் ஜோன்ஸ் என்பவர் தம் ஊர்ச் சந்துகளைப் பற்றி எழுதிய வழிகாட்டிப் புத்தகத்துக்காக ஸ்னிக்கெட், கின்னல், ஆலிவே மூன்றையும் பிசைந்து 'ஸ்னிக்கல்வே' என்று ஒரு சொல் செய்தார். இன்று ஊரே அதைச் சொல்கிறது. நாற்பது வருஷத்தில் பழைய சொல் போல ஆகிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் சுற்றுலாப் பயணிக்காகச் செய்த சொல்லுக்கும் ஐஸில் வழுக்கி விழாதே என்று சொல்கிற சொல்லுக்கும் ருசி வேறுதான்.

இப்போது உங்களுக்கு ஒரு மனிதரை அறிமுகம் செய்ய வேண்டும். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோசப் ரைட், 1855-ல் பிறந்தவர். லீட்ஸிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் போய்விடலாம், பிராட்ஃபர்டுக்குப் பக்கத்துக் கிராமம். ஆறு வயதில் கல் குவாரியில் கழுதை ஓட்டும் வேலை. ஏழு வயதில் சால்டேர் கம்பளி ஆலையில் நூல் கண்டு மாற்றும் பையன். பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் நடந்தபோது, ஆலையில் மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதைப் பார்த்து, நமக்குப் படிக்கத் தெரியவில்லையே என்று உறைத்திருக்கிறது. தானாகவே படித்தார். இரவுப் பள்ளிக்குப் போனார். பிறகு தாமே தம் வீட்டில் ஓர் இரவுப் பள்ளி நடத்தினார். 1876-ல் சேர்த்துவைத்த 40 பவுண்டை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி, ஹைடல்பர்க் வரை நடந்தே போனார். காசு மிச்சம் பிடிக்க! அந்தப் பல்கலைக்கழகத்தில் 1885-ல் டாக்டர் பட்டம். கடைசியில் 1901-ல் ஆக்ஸ்ஃபர்டில் ஒப்பியல் மொழிநூல் பேராசிரியர். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் யார் தெரியுமா? நமக்கெல்லாம் பெயர் தெரிந்த மாக்ஸ் முல்லர்.

அந்த மனிதர் ஆக்ஸ்ஃபர்டுக்கு வந்ததும் தம் ஊர்ப் பேச்சைக் கழற்றி வைத்துவிடவில்லை. 1892-ல் தம் ஊரான விண்ட்ஹில்லின் பேச்சுமொழிக்கே ஓர் இலக்கணம் எழுதினார். 1898-லிருந்து 1905-க்குள் ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தார். கல் குவாரிப் பையனும் கம்பளி ஆலைக்காரியும் மீன்காரியும் பேசினது அதில் அச்சேறியது. சால்டேர் ஆலை இன்றும் நிற்கிறது, உள்ளே ஓவியக்கூடமும் புத்தகக் கடையும் இருக்கின்றன. நான் அங்கே ஒரு பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் சிலர் நினைவுக்கு வந்தார்கள். யாரென்று அவர்களுக்கே தெரியும்.

ரைட்டுக்குப் பிறகு 1950-லிருந்து 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகம் இன்னொரு பெரிய வேலை செய்தது. ஹெரால்ட் ஆர்ட்டன் என்ற பேராசிரியர் தலைமையில் 313 ஊர்களுக்கு ஆள் அனுப்பி, ஆயிரத்துக்கு மேல் கேள்வி கேட்டுக் குறித்து வந்தார்கள். கிராமத்தை விட்டு அதிகம் நகராத, வயதான, காது நன்றாகக் கேட்கிற, பல் ஒழுங்காக இருக்கிற ஆளாகத் தேடிப் பிடித்தார்களாம். பல் போனால் உச்சரிப்பு போய்விடும்! நியாயம்தானே. 2005-ல் பி.பி.சி. வானொலி நாடு முழுக்கச் சொல் கேட்டபோது, கேள்விப் பட்டியலில் கட்டடங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கின நடைபாதைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்பதும் ஒன்று.

சரி, இதையெல்லாம் நான் இவ்வளவு தேடிப் படித்ததற்குக் காரணம் பேத்திதான். வயது ஒன்பது. பிறந்தது லீட்ஸில். பள்ளியில் 'வீட்டிலிருந்து பள்ளிக்கு' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கின்னல் வழியாக ஓடுவதைப் பற்றி எழுதியிருந்தாள். நோட்டு திரும்பி வந்தபோது அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு, மேலே 'ஆலி' என்று எழுதியிருந்தது. ஆசிரியை மேல் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல பெண், தெற்கிலிருந்து வந்து வேலை பார்ப்பவர். அங்கே பாடத்திட்டமே பொது ஆங்கிலத்தில் எழுதப் பழக்கு என்கிறது. ஆசிரியர் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியாததா?

மகளுக்குத்தான் முகம் மாறிவிட்டது. "இனிமே ஆலின்னே எழுது. ஸ்கூல்ல அந்தக் கின்னல் எல்லாம் வேண்டாம்" என்றாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. பெயரைப் பார்த்தாலே, நிறத்தைப் பார்த்தாலே, இந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் சரியாக வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இருக்கிற இடத்தில், வெள்ளைக்காரப் பிள்ளை எழுதினால் அது ஊர் வழக்கு, இவள் எழுதினால் அது பிழை ஆகிவிடுமோ என்று அவளுக்கு.

பேத்தி அழுதுவிட்டாள். "ஆச்சி, அது ஆலி இல்ல. ஆலி சினிமால வரும், திருடன் ஓடுவான். இது எங்க கின்னல்" என்றாள். மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். 'எங்க' என்றாளே, அந்தச் சொல்தான். எங்களுக்கு 'எங்க ஊர்' என்றால் அது தாமிரபரணிக்கரை. இவளுக்கு அது மழை பெய்கிற லீட்ஸ். அவளுடைய முடுக்கு கின்னல். எனக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு பேருக்கும் தோசை வார்க்கப் போய்விட்டேன்.

சாப்பிட்ட பிறகு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டோம். என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலச் சொல் வராத இடத்தில் நம் சொல்லையே எழுதுங்கள், ஆனால் அது என்னவென்று ஒரு வரியில் ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள் என்பேன். பதநீருக்கும் அப்படித்தான், பல்லாங்குழிக்கும் அப்படித்தான். அதையே பேத்தியிடம் சொன்னேன். உன் டீச்சர் தெற்கத்திக்காரர், அவருக்குக் கின்னல் தெரியாது, நீதான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். டீச்சருக்குச் சொல்லிக்கொடுப்பதா! அழுகை நின்றுவிட்டது.

அவளாகத்தான் எழுதினாள். கின்னல் என்பது இரண்டு சுவருக்கு நடுவே இருக்கும் வழி, கையை நீட்டினால் இரண்டு பக்கமும் தொடலாம், சைக்கிளில் இருந்து இறங்கித்தான் போக வேண்டும், பக்கத்து வீட்டுப் பாட்டி மழைக்காலத்தில் கைப்பிடித்துக் கூட்டிப்போகச் சொல்வார் என்று நான்கு வரி. அகராதியில் இதைவிட நன்றாக இல்லை, நான் பார்த்தேன். நோட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு டிக். அவ்வளவுதான், வேறு குறிப்பு எதுவும் இல்லை. மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வெள்ளிக்கிழமை போனில் யாரிடமோ, "நான் கின்னல் வழியா வந்துட்டேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்கு வேறொரு கவலையும் உண்டு. லிவர்பூல், மான்செஸ்டர் போன்ற நகரங்களில் வீடுகளின் பின்புறச் சந்துகளுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். திருட்டுப் பயம், குப்பை கொட்டுகிறார்கள் என்று காரணம். அந்தத் தெருவில் இருப்பவர்களிடம்தான் சாவி. காரணத்தைக் குறை சொல்ல முடியாது. தனியாக இருக்கும் வயதானவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றே சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் நடக்காத வழிக்குப் பிள்ளைகள் பெயர் சொல்ல மாட்டார்கள். புதிதாகக் கட்டுகிற குடியிருப்புகளில் எல்லாரும் காரில் போய் வருகிறார்கள்.

அதனால் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கும் என் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நர்ஸாக இருப்பவர்கள், சாஃப்ட்வேரில் இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், எல்லாரும்தான். உங்கள் வீட்டுப் பக்கத்துச் சந்துக்கு என்ன பெயர் என்று கமென்ட்டில் எழுதுங்கள். நீங்கள் சொல்கிற பெயர் வேண்டாம், நீங்கள் எல்லாரும் என் புத்தகத்து 'ஆலி'யைத்தான் சொல்வீர்கள். உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே, தமிழ் எழுத்தில், எந்த ஊர் என்பதோடு எழுதுங்கள். பேத்தி ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். இதுவரை பதினொரு சொல் சேர்ந்திருக்கிறது.